10ஜி ஃபைபர் இருந்தும் படம் மங்கல்: குறை வீட்டிலா, செயலியிலா, கல்லாவிலா?

#1 | தோபாயோ_கிழக்கு

சிங்கப்பூரில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, 10ஜி ஃபைபர் திட்டம், 65 அங்குல 4கே டிவி. டிவியோடு ஒரு ஆண்ட்ராய்டு பெட்டி. எல்லாச் செயலியும் அதில்தான் ஓடுகிறது. கைபேசியில் வேகம் பார்த்தால் 600 எம்பிபிஎஸ் (நொடிக்கு 600 மெகாபிட்) காட்டுகிறது.

யூடியூபில் 4கே சுத்தமாக ஓடுகிறது. நெட்ஃபிளிக்ஸ் மட்டும் பழைய விசிடி தரம். தமிழ்ப் படங்களுக்கென்று எடுத்த இன்னொரு செயலியில் இரவுக் காட்சி வந்தால் கறுப்புப் பகுதி முழுக்கக் கட்டம் கட்டமாக ஊர்கிறது. மீடியாகார்ப் ஒளிபரப்பு நிறுவனத்தின் மீவாட்ச் செயலியில் வசந்தம் தமிழ்ச் சேனலின் தொடர் போட்டால் கேமரா பக்கவாட்டில் நகரும்போதெல்லாம் படம் தத்தித் தத்திப் போகிறது.

இணைய நிறுவனத்தில் கேட்டால் மெஷ் ரூட்டர் (வீடு முழுக்க வைஃபை பரப்பும் பல கருவிகள்) வாங்கச் சொல்கிறார்கள். வாங்கினால் தீருமா? மூன்றுக்கும் ஒரே காரணமா?

#2 | பிட்ரேட்

மெஷ் வாங்காதீங்க. மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறு. யூடியூப் 4கே நிற்காமல் ஓடுகிறதே, அதுவே வைஃபை மேல் குற்றமில்லை என்பதற்குச் சாட்சி.

முதலில் நெட்ஃபிளிக்ஸ். யூடியூபில் சாதாரணக் காணொளிகளுக்குப் பூட்டு கிடையாது. நெட்ஃபிளிக்ஸ் அனுப்பும் ஒவ்வொரு துண்டும் வைட்வைன் என்ற பூட்டோடு வருகிறது. அதைத் திறக்கும் வேலை சில்லுக்குள் இருக்கும் பாதுகாப்பான பகுதியில் நடந்தால் அந்தக் கருவி எல்1. வெறும் மென்பொருளில் நடந்தால் எல்3. எல்3 கருவியில் நடுவழியில் படத்தை உருவிவிடலாம் என்ற பயத்தால் படத்தில் 480 அல்லது 540 கிடைவரிக்கு மேல் அனுப்ப மாட்டார்கள். உங்களிடம் 10ஜி இருந்தாலும் சரி, 100ஜி இருந்தாலும் சரி, அவ்வளவுதான்.

எல்1 மட்டும் இருந்தாலும் போதாது. அந்த மாடலை நெட்ஃபிளிக்ஸ் தனியாகச் சோதித்து அனுமதித்திருக்க வேண்டும். பெயர் தெரியாத பெட்டிகள் பலவற்றில் இருப்பது கைபேசிச் செயலிதான். ரிமோட்டில் மவுஸ் அம்புக்குறியை நகர்த்தித் தேர்வு செய்ய வேண்டியிருந்தால் அதுவேதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கும் வழி: பிளே ஸ்டோரில் டிஆர்எம் இன்ஃபோ என்ற இலவசச் செயலி இருக்கிறது. அதில் வைட்வைன் தலைப்பின் கீழ் ‘செக்யூரிட்டி லெவல்’ வரியைப் பாருங்கள். பிறகு பெட்டியை விட்டுவிட்டு டிவியிலேயே உள்ள நெட்ஃபிளிக்ஸ் செயலியைத் திறந்து, தேடலில் ‘டெஸ்ட் பேட்டர்ன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். சோதனைப் படங்கள் வரும். ஓடவிட்டால் எந்தத் தெளிவில், எவ்வளவு பிட்ரேட்டில் (நொடிக்கு எத்தனை பிட்) வருகிறது என்று திரையிலேயே எழுதியிருக்கும்.

#3 | செம்பவாங்_கம்பி

டிவி செயலியில் சோதிக்கும்போது கூடவே பார்க்க வேண்டியவை.

பெட்டிக்கும் டிவிக்கும் நடுவே சவுண்ட்பார் அல்லது பழைய ஆம்ப்ளிஃபையர் இருக்கிறதா? 4கே-க்கு வழி நெடுக எச்டிசிபி 2.2 (கம்பியில் போகும் படத்தை நகலெடுக்க விடாத பூட்டு) வேண்டும். நடுவில் ஒரே ஒரு கருவி பழைய 1.4-இல் நின்றாலும் செயலி சத்தமில்லாமல் 1080-க்கு இறங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பெட்டியை நேரே டிவியில் செருகி, சத்தத்தை மட்டும் டிவியின் இஆர்க் துளை (ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ துளை) வழியாக சவுண்ட்பாருக்கு அனுப்புங்கள்.

கம்பி இழுப்பவர்களுக்கு ஒன்று. பெரும்பாலான டிவிகளில் உள்ள லேன் துளை 100 எம்பிபிஎஸ் மட்டுமே, விலை உயர்ந்த மாடல்களிலும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். 4கே-க்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ், 1080-க்கு 5. நூறே ஏராளம்.

வைஃபை உண்மையிலேயே குற்றவாளியாகும் இடம் நம் ஊரில் ஒன்று உண்டு: பாம் ஷெல்டர், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் பதுங்கு அறை. 1990களின் இறுதியிலிருந்து கட்டிய வீவக வீடுகளில் அந்த அறைக்குக் கம்பி வைத்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. ஃபைபர் பெட்டியையும் ரூட்டரையும் அசிங்கமாகத் தெரிகிறது என்று அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை வரவேற்பறைக்கு வரும்போது பாதி செத்துவிடும். அதை வெளியே எடுத்து வைக்க ஒரு வெள்ளி (டாலர்) செலவில்லை. மெஷ் வாங்குவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

கைபேசி வேகச் சோதனையை நம்பி முடிவுக்கு வராதீர்கள். டிவி இருக்கும் இடத்தில், டிவியின் உலாவியில் ஃபாஸ்ட்.காம் போடுங்கள். அது நெட்ஃபிளிக்ஸ் நடத்துவது, அவர்கள் சர்வரிலிருந்தே இழுத்துப் பார்க்கும். வேறு சோதனைத் தளங்கள் உங்கள் இணைய நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் சர்வரைத் தொட்டுவிட்டுப் பெரிய எண்ணைக் காட்டும்.

#4 | தோபாயோ_கிழக்கு

பார்த்தாச்சு. பெட்டியில் எல்3. டிவியின் சொந்தச் செயலியில் 3840 x 2160, 15-ஐ ஒட்டி வருகிறது. ராத்திரிக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம்!

பெட்டி வாங்கியபோது ‘ஆயுள் முழுக்க எல்லாச் சேனலும் இலவசம்’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதில் வரும் தமிழ்ச் சேனல்களும் மங்கல்தான். அதற்கு ஏதாவது செட்டிங் உண்டா?

#5 | நெறியாளர்

அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். 2021-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி திருட்டு ஒளிபரப்புக்காகவே பெட்டி விற்பது குற்றம். தனிநபருக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. செட்டிங் கேட்டும் சொல்லியும் வரும் பதிவுகள் நீக்கப்படும். தொடருங்கள்.

#6 | பிட்ரேட்

அப்போ பெட்டியைக் கழற்றி வைத்துவிடலாம். டிவி பழையதாகி செயலிகள் திணற ஆரம்பித்தால், அப்போது கூகிள் டிவி ஸ்ட்ரீமர், ஆப்பிள் டிவி 4கே, ஃபயர் டிவி ஸ்டிக் மாதிரி அனுமதி பெற்ற ஒன்றை வாங்குங்கள். டிவியின் திரைப் பலகை எட்டு, பத்து வருஷம் தாங்கும். அதற்குள் இருக்கும் சில்லுக்கும் நினைவகத்துக்கும் அவ்வளவு ஆயுள் கிடையாது.

இப்போ மீவாட்ச் துள்ளல். சிங்கப்பூர் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 முறை) ஒளிபரப்பு ஊர். இங்கே எடுக்கும் தொடர்கள் நொடிக்கு 25 படம். தமிழ்நாட்டு சீரியல்களும் அதே 25. உங்கள் பெட்டியோ டிவிக்கு 60 ஹெர்ட்ஸில் அனுப்புகிறது. 60-ஐ 25-ஆல் வகுத்தால் 2.4. அரைப் படம் காட்ட முடியாது, அதனால் முதல் படம் இரண்டு முறை, அடுத்தது இரண்டு, அடுத்தது மூன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று மாறி மாறி நிற்கும். முகத்துக்கு நேரே பேசும் காட்சியில் தெரியாது. கேமரா ஒரு கூடத்தைச் சுற்றி நகரும்போது கண் அதைப் பிடித்துவிடும்.

சினிமா நொடிக்கு 24 படம். அதுவும் 60-இல் மூன்று, இரண்டு என்று நொண்டும். ஆனால் அந்த நொண்டலுக்கு நம் கண் பல வருஷமாகப் பழகிவிட்டது.

ஆப்பிள் டிவியில்: செட்டிங்ஸ், வீடியோ அண்ட் ஆடியோ, மேட்ச் கன்டென்ட். உள்ளே ‘மேட்ச் ஃபிரேம் ரேட்’, ‘மேட்ச் டைனமிக் ரேஞ்ச்’ இரண்டையும் போடுங்கள். ஃபயர் டிவியில் டிஸ்பிளே பகுதியில் ‘மேட்ச் ஒரிஜினல் ஃபிரேம் ரேட்’. போட்ட பிறகு படம் தொடங்கும்போது ஒன்றிரண்டு நொடி திரை கறுக்கும். டிவி கெட்டுப்போகவில்லை, தன் ஓட்டத்தை மாற்றிக்கொள்கிறது.

சிக்கல் என்னவென்றால், செயலியும் ஒத்துழைக்க வேண்டும். ‘இந்தப் படம் 25’ என்று செயலி கருவிக்குச் சொன்னால்தான் கருவி மாறும். சொல்லாத செயலிகள் நிறைய, அதிலும் சின்ன நிறுவனங்களுடையவை. அப்படியென்றால் கையாலேயே வெளியீட்டை 4கே 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு சீரியல் பாருங்கள்.

#7 | ஈசூன்_மாடி12

வசந்தத்துக்கு இவ்வளவு பாடா? இருபது, முப்பது வெள்ளிக்கு வீட்டுக்குள் வைக்கும் ஆண்டெனா ஒன்று வாங்கி ஜன்னல் ஓரம் வைங்க. டிவிபி-டி2 (இங்குள்ள டிஜிட்டல் ஒளிபரப்பு முறை) டியூனர் டிவிக்குள்ளேயே இருக்கும், சேனலைத் தேடச் சொன்னால் மீடியாகார்ப் சேனல் எல்லாம் எச்டியில் வந்துவிடும். ஆண்டெனா வழி வருவது 50 ஹெர்ட்ஸ்தான், துள்ளாது. தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தையும் 2011-இலேயே எடுத்துவிட்டார்கள். நேரலையாகப் பார்ப்பதற்கு ஆண்டெனா, விட்டுப்போன பாகத்துக்கு மீவாட்ச். முடிஞ்சது கதை.

#8 | தோபாயோ_கிழக்கு

ஆண்டெனா யோசனை பிரமாதம். இப்போ மிச்சம் இருப்பது தமிழ்ப் படச் செயலியின் இருட்டுக் காட்சி. டிவியிலேயே உள்ள அதன் செயலியில் போட்டும் அதே கட்டங்கள். ‘ஃபுல் எச்டி’ என்று மூலையில் காட்டுகிறது.

#9 | கணக்குப்பிள்ளை

இது கருவிக் கோளாறு இல்லை, கல்லாக் கோளாறு. கணக்கைப் பிரித்துப் போடுகிறேன்.

ஒரு எம்பிபிஎஸ் ஓடினால் மணிக்கு 0.45 ஜிபி. அதனால் 3 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 1.35 ஜிபி, 5 என்றால் 2.25, 15 என்றால் 6.75. ஒரு வீட்டில் தினம் இரண்டு மணி நேரம், மாதம் 60 மணி நேரம் என்று வைப்போம். முறையே 81 ஜிபி, 135 ஜிபி, 405 ஜிபி.

இந்தப் பாரத்தைச் சுமப்பது சிடிஎன் நிறுவனங்கள், அதாவது பல ஊர்களில் சர்வர் வைத்துப் படத்தை அனுப்பித் தருபவர்கள். ஜிபிக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் காசு. பேரத்துக்குப் பேரம் விலை மாறும், அதனால் பேச்சுக்கு ஜிபிக்கு ஒரு காசு என்று போட்டுக்கொள்ளுங்கள். மாதம் 81 காசு, 1.35 வெள்ளி, 4.05 வெள்ளி.

இப்போ வரவுப் பக்கம். மாதச் சந்தா 6 வெள்ளி என்று வைப்போம். பொருள் சேவை வரி 9% உள்ளடக்கம் என்றால் அதில் 50 காசு அரசாங்கத்துக்கு. மிச்சம் 5.50. வாடிக்கையாளர் ஐபோன் வழியாகச் சந்தா கட்டினால் முதல் வருஷம் ஆப்பிளுக்கு வழக்கமாக 30%, அதாவது 1.65. கையில் நிற்பது 3.85. இந்த வாடிக்கையாளருக்கு 15 எம்பிபிஎஸ் 4கே கொடுத்தால் அனுப்பும் செலவு மட்டுமே 4.05. படத்தின் உரிமைக்கு ஒரு காசு கொடுக்கும் முன்பே நஷ்டம்.

3 எம்பிபிஎஸ் கொடுத்தால் செலவு 81 காசு. கையில் 3 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அதிலிருந்துதான் படத்துக்கும் ஆட்களுக்கும் கொடுக்க வேண்டும். ‘ஃபுல் எச்டி’ என்பது எத்தனை வரி என்பதைத்தான் சொல்கிறது. அந்த வரிகளுக்குள் எவ்வளவு தகவல் நிரப்பினார்கள் என்பதை எந்தச் செயலியும் மூலையில் எழுதுவதில்லை.

நெட்ஃபிளிக்ஸுக்கு இந்தத் தலைவலி குறைவு. ஓப்பன் கனெக்ட் என்று தன் சொந்த சர்வர் பெட்டிகளை உலகம் முழுக்க இணைய நிறுவனங்களுக்குள்ளேயே வைத்திருக்கிறது, 2011-இல் தொடங்கிய வேலை. கூட்டமில்லாத நேரத்தில் படங்களை அதில் நிரப்பிவிடுவார்கள். நீங்கள் பார்க்கும்போது படம் கடல் தாண்டி வருவதில்லை. சின்ன தமிழ்ச் செயலிக்கு அந்த வசதி எங்கே?

#10 | புக்கிட்_பாத்தோக்_88

இதெல்லாம் அவங்க கவலை, நமக்கென்ன? காசு வாங்கினால் சரக்கு சரியாக இருக்கணும். யாரோ ஏத்தி வெச்ச இலவசக் காணொளியைவிட மோசமாக இருந்தால் எதுக்குச் சந்தா? ‘சின்ன நிறுவனம், பாவம்’ என்றே எத்தனை வருஷம் சொல்லப்போறோம்?

#11 | பிட்ரேட்

பாவம் பார்க்கச் சொல்லவில்லை. ஆனால் 3 எம்பிபிஎஸ்ஸிலேயே இதைவிட நல்ல படம் கொடுக்க முடியும், அங்கேதான் எனக்குக் கோபம்.

நெட்ஃபிளிக்ஸ் 2015 டிசம்பரில் ஒரு முறையை வெளியிட்டது. எல்லாப் படத்துக்கும் ஒரே பிட்ரேட் ஏணி (எந்தத் தெளிவுக்கு எவ்வளவு பிட் என்ற பட்டியல்) வைக்காமல், படத்துக்குப் படம் தனி ஏணி. கார்ட்டூனுக்குக் குறைவாகப் போதும். மழை, புகை, கூட்டம் உள்ள படத்துக்கு அதிகம் வேண்டும். பிறகு அதையே காட்சிக்குக் காட்சி என்று நுணுக்கினார்கள். சின்னச் செயலிகள் பல இன்றைக்கும் ஒரே ஏணியை வைத்தே ஓட்டுகின்றன. பட்டிமன்றத்துக்கும் அதே 3, இருட்டில் மழையில் நடக்கும் சண்டைக்கும் அதே 3.

அடுத்து, சுருக்கும் முறை. எச்.264 வந்தது 2003-இல். எச்.265 2013, ஏவி1 2018. ஒவ்வொரு தலைமுறையும் அதே தரத்தைக் கணிசமாகக் குறைந்த பிட்டில் தரும். ஏவி1-க்குச் சுருக்கும்போது கணினி நேரம் அதிகம் பிடிக்கும். லட்சம் பேர் பார்க்கும் படத்துக்கு அந்தச் செலவு ஒன்றுமில்லை, எண்ணூறு பேர் பார்க்கும் பழைய படத்துக்குக் கட்டாது. அதனால் எல்லாக் கருவியிலும் ஓடும் எச்.264-இலேயே நின்றுவிடுகிறார்கள்.

இருட்டுக் காட்சி ஏன் முதலில் உடைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 8 பிட் படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு 16-இல் தொடங்கி 235 வரை 220 படிதான். இரவுக் காட்சி முழுக்க அதில் அடிமட்டப் பத்து, இருபது படிக்குள் அடங்கிவிடும். அங்கே இருக்கும் சின்னச் சின்ன வேறுபாட்டைச் சுருக்கும் மென்பொருள் ‘யாருக்கும் தெரியாது’ என்று ஒட்டுமொத்தமாக அழித்து, சதுரம் சதுரமாக ஒரே நிறம் பூசிவிடும். இருட்டறையில் பிரகாசத்தை ஏற்றி வைத்திருக்கும் நம் டிவி அதை வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும்.

வீட்டில் செய்யக்கூடியது: படத்துக்கான முறையை ‘விவிட்’, ‘டைனமிக்’ எதிலிருந்தாவது ‘ஃபிலிம்மேக்கர்’ அல்லது ‘சினிமா’வுக்கு மாற்றுங்கள். ஷார்ப்னஸை இறக்குங்கள், கட்டத்தின் ஓரங்களைத் தீட்டிக் காட்டுவது அதுதான். நாய்ஸ் ரிடக்‌ஷனை நல்ல மூலத்துக்கு அணைத்து வைப்பதே சரி, இந்த ஒரு செயலிக்கு மட்டும் ‘லோ’வில் வையுங்கள். கட்டங்கள் போகாது, ஆனால் கண்ணை உறுத்துவது பாதியாகக் குறையும்.

#12 | செம்பவாங்_கம்பி

மூலப் பிரதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. திரையரங்குக்குப் போகும் டிசிபி என்ற டிஜிட்டல் பிரதி 250 எம்பிபிஎஸ் வரை போகும். செயலிக்குக் கொடுக்கும் புரோரெஸ் எச்க்யூ கோப்பு 1080-இல் 176-ஐ ஒட்டி. அதை வாங்கிச் சுருக்கினால் படம் பிழைக்கும். ஏற்கெனவே சுருக்கிய கோப்பை வாங்கி மறுபடி சுருக்கினால் முதல் சுருக்கத்தின் கட்டங்களைக் காப்பாற்றவே பிட் செலவாகும். 1980, 90களின் படங்களில் இன்னொன்று: டிவி ஒளிபரப்புக்கு எடுத்த 576 வரி பிரதியை இழுத்துப் பெரிதாக்கி ‘எச்டி’ என்று போடுவார்கள். யாராவது கையை வேகமாக ஆட்டும்போது ஓரத்தில் கிடைக்கோடுகளாகப் பிரிந்தால் அது ஒளிபரப்புப் பிரதி. எந்த டிவியாலும் அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது.

#13 | தெம்பனிஸ்_ஒலி

படத்தையே பேசுகிறீர்கள், வசனம் கேட்கவில்லை என்பதுதான் என்னிடம் வரும் புகாரில் முக்கால்வாசி. பாட்டு இடிக்கும், பேச்சு முணுமுணுக்கும். சத்தத்தை ஏற்றினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

5.1 ஒலியில் வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகிறது. டிவியில் நடு ஸ்பீக்கர் இல்லை, அதனால் ஐந்தையும் இரண்டாகக் கலக்கும். அப்படிக் கலக்கும்போது நடுவை வழக்கமாக 3 டெசிபல் குறைத்தே இரண்டு பக்கமும் பிரிப்பார்கள், சுற்றியுள்ள இரைச்சலும் அதன் மேலேயே வந்து விழும். அதனால், சவுண்ட்பார் இல்லாதவர்கள் ஒலித்தேர்வில் ‘5.1’ என்று போடாத தமிழ்த் தடம் இருந்தால் அதையே எடுங்கள். அது மனிதக் காது கேட்டுக் கலந்த ஸ்டீரியோவாக இருக்க வாய்ப்பு அதிகம். டிவியின் ஒலி வெளியீட்டை ‘பிசிஎம்’ ஆக்கிப் பாருங்கள். சவுண்ட்பாரில் ‘நைட்’ அல்லது ‘வாய்ஸ்’ பொத்தான் இருந்தால் அது அலங்காரத்துக்கு இல்லை, அழுத்துங்கள்.

யூடியூபிலிருந்து நெட்ஃபிளிக்ஸுக்கு மாறினால் சத்தம் விழுந்துவிடுவதும் கோளாறு இல்லை. யூடியூப் தன் ஒலியைச் சராசரி -14 அளவுக்குள் கட்டுகிறது. நெட்ஃபிளிக்ஸ் வசனத்தை -27-இல் வைக்கச் சொல்கிறது, வெடிச்சத்தத்துக்கு மேலே இடம் விடுவதற்காக. இடைவெளி 13 டெசிபல். ரிமோட்டைத் தேடத்தான் வேண்டும்.

#14 | ஈசூன்_மாடி12

தமிழ் வசனவரிகளைப் பற்றி யாரும் சொல்லலையே. எங்க டிவியில் ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வைத்த வட்டம்.

#15 | பிட்ரேட்

அது டிவியின் எழுத்துரு இயந்திரம் தமிழ் கற்காததால். ‘கொ’-வில் உயிர்க்குறி ககரத்துக்கு இரு பக்கமும் உட்கார வேண்டும். கோப்பில் அது ககரத்துக்குப் பின்னால் வரும் ஒரே குறி. அதைப் பிரித்து முன்னும் பின்னும் வைப்பது திரையில் எழுதும் மென்பொருளின் வேலை. பழைய டிவி சிலவற்றுக்கு அது தெரியாது. செயலி வசனவரியை எழுத்தாக அனுப்பினால் இப்படி உடையும், படமாக அனுப்பினால் உடையாது. அதனால்தான் ஒரே டிவியில் ஒரு செயலியில் சரியாகவும் இன்னொன்றில் கோணலாகவும் தெரியும். முதலில் டிவி மென்பொருளைப் புதுப்பியுங்கள். அப்படியும் போகாவிட்டால் வெளியே மாட்டும் ஸ்டிக்கில் போகும், ஏனென்றால் அதன் எழுத்துரு வேறு. செயலிக்குப் புகார் எழுதினால் டிவி மாடல், படத்தின் பெயர், நிமிடம், நொடி நாலும் எழுதுங்கள். ‘தமிழ் சரியாக வரவில்லை’ என்று மட்டும் எழுதினால் குப்பைக்குப் போகும்.

#16 | புக்கிட்_பாத்தோக்_88

விலைக்கு வருவோம். அதே நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் 4கே 649 ரூபாய். 2021 டிசம்பரில் 799-லிருந்து இறக்கினார்கள். கைபேசித் திட்டம் 149 ரூபாய். இங்கே மட்டும் ஏத்திக்கிட்டே போறாங்க. ஊர்க் கார்டு போட்டு அங்கேயே சந்தா எடுத்தால் என்ன?

#17 | கணக்குப்பிள்ளை

விலை என்பது செலவைப் பார்த்து வைப்பதில்லை, அந்த ஊர் ஆள் எவ்வளவு தாங்குவார் என்று பார்த்து வைப்பது. இந்தியாவில் 649 கொடுக்கவே யோசிக்கிற குடும்பங்கள் அதிகம். இங்கே கேபிள் காலத்திலிருந்தே மாதம் முப்பது, நாற்பது வெள்ளி கொடுத்துப் பழகியவர்கள் நாம்.

நெட்ஃபிளிக்ஸை ஊரில் எடுத்து இங்கே பார்த்தாலும் கிடைப்பது சிங்கப்பூர் பட்டியல். இந்தியச் செயலிகள் பல, ஊர் எண்ணில் எடுத்த சந்தாவை இங்கே ஓடவே விடாது. விபிஎன் போட்டால் விதிமுறை மீறல், அதோடு விபிஎன் முகவரிகளை அவர்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வருகிறார்கள். படம் தொடங்கும், பாதியில் பிழைச் செய்தி வரும்.

ஏன் இப்படி வேலி என்றால், தமிழ்ப் படத்தின் டிஜிட்டல் உரிமையைப் பெரும்பாலும் இந்தியாவுக்குத் தனி, வெளிநாட்டுக்குத் தனி என்று துண்டு போட்டு விற்கிறார்கள். சிம்ப்ளி சவுத் மாதிரி வெளிநாட்டில் மட்டும் இயங்கும் செயலி இருப்பதே அதனால்தான். ஊரில் ஒரு செயலியில் வந்த படம் இங்கே வேறொன்றில் வரும், சில நேரம் எதிலுமே வராது. நாள் கணக்கும் உண்டு. தமிழ்ப் படத்துக்குத் திரையரங்கு வெளியீட்டிலிருந்து நாலு வாரம் வழக்கம். வட இந்திய மல்டிபிளெக்ஸுகள் ஹிந்திப் பதிப்பைப் போட எட்டு வாரம் கேட்கின்றன. அதனால் ஹிந்தியிலும் பெரிதாக வெளியிட நினைக்கும் படம் தமிழிலும் தள்ளிப்போகும்.

நியாயமான வழியில் குறைக்க இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, சந்தாவை ஐபோன் செயலிக்குள் கட்டாமல் நிறுவனத்தின் இணையத்தளத்தில் கட்டுங்கள். ஆப்பிளுக்குப் போகும் பங்கைச் சேர்த்து விலை வைக்கும் செயலிகள் உண்டு, இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு, பொருள் சேவை வரி. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கும் 2020 ஜனவரி 1 முதல் வரி உண்டு. உலக வருமானம் பத்து லட்சம் வெள்ளிக்கு மேலும், இங்குள்ள தனிநபர் விற்பனை ஒரு லட்சம் வெள்ளிக்கு மேலும் இருந்தால்தான் நிறுவனம் பதிய வேண்டும். சின்னச் செயலி வரி போடாமல் இருப்பது சட்டப்படியே இருக்கலாம். அதையே ஆப் ஸ்டோர் வழி எடுத்தால் வரியைக் கடைக்காரர் போட்டுவிடுவார்.

#18 | புக்கிட்_பாத்தோக்_88

நாம இவ்வளவு கணக்குப் பார்த்தால் சின்னக் கம்பெனி எப்படிப் பிழைக்கும்னு அடுத்துச் சொல்வீங்க.

#19 | கணக்குப்பிள்ளை

சொல்லத்தான் போகிறேன், ஆனால் சின்னதைப் பற்றி இல்லை. ஹூக் என்ற படச் செயலி ஞாபகம் இருக்கிறதா? சிங்டெல், சோனி, வார்னர் பிரதர்ஸ் மூவரும் சேர்ந்து 2015-இல் இங்கே தொடங்கியது. 2020 மார்ச்சில் கலைப்புக்குப் போய், ஏப்ரல் 30-இல் மூடினார்கள். பணமில்லாத ஆட்களா அவர்கள்? படம் வாங்கும் செலவு இறங்கவில்லை, படத்தின் சொந்தக்காரர்களே நேரடியாகக் கடை திறந்துவிட்டார்கள், இந்த வட்டாரத்து மக்கள் கொடுக்கும் சந்தாவோ மெதுவாகத்தான் ஏறியது. இன்றைக்குத் தமிழ்ச் செயலிகள் நிற்பதும் அதே மூன்றுக்கு நடுவில்.

அதனால் ஆண்டுச் சந்தா விஷயத்தில் கவனம். ‘12 மாதம் எடுத்தால் பாதி விலை’ என்பது பெரிய செயலியில் லாபம். பதிவே போடாத சமூக ஊடகப் பக்கமும், மாதக்கணக்கில் புதுப்பிக்காத செயலியும் வைத்திருக்கும் நிறுவனத்தில் மாதாமாதம் கட்டுவதே புத்திசாலித்தனம். மூடினால் உங்கள் மிச்சக் காசு கடன்காரர் வரிசையில் கடைசியில் நிற்கும்.

#20 | ஈசூன்_மாடி12

கிரிக்கெட் நேரத்தில் மட்டும் ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டில் விக்கெட்டுக்குக் கத்தி முடித்த அரை நிமிஷம் கழித்துத்தான் நமக்குப் பந்தே போடுறான். நெட்டை வேகப்படுத்தினால் சரியாகுமா?

#21 | செம்பவாங்_கம்பி

ஆகாது. நேரலையை ஆறு நொடித் துண்டுகளாக வெட்டுவது பரவலான வழக்கம். செயலி மூன்று துண்டு கையில் சேர்ந்த பிறகே ஓட்டத் தொடங்கும். அதுவே 18 நொடி. சுருக்க, சிடிஎன்னுக்கு ஏற்ற இன்னும் பத்துப் பதினைந்து. துண்டைச் சின்னதாக்கினால் தாமதம் குறையும், ஆனால் வைஃபை ஒரு நொடி தடுமாறினாலும் சுற்றும் வட்டம் வந்துவிடும். லட்சக்கணக்கானோர் பார்க்கும் ஆட்டத்தில் அந்த ஆபத்தை எடுக்க மாட்டார்கள். செய்யக்கூடியது ஒன்று: நடுவில் ‘பாஸ்’ போட்டிருந்தால் அந்த நேரம் அப்படியே பின்தங்கி நிற்கும். ‘லைவ்’ பொத்தானை அழுத்தினால் அந்தக் கூடுதல் தாமதமாவது போகும். பக்கத்து வீட்டுக்காரரைத்தான் ஒன்றும் செய்ய முடியாது லா.

#22 | தோபாயோ_கிழக்கு

பெட்டியைக் கழற்றியாச்சு, ஆண்டெனா வைத்தாச்சு. படச் செயலியை ‘சினிமா’ முறையில் பார்த்தால் பொறுத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. கடைசியாக ஒன்று: நெட்ஃபிளிக்ஸ், தமிழ்ப் படச் செயலி இரண்டு சந்தாவில் 4கே திட்டம் எதற்கு வேண்டும்?

#23 | பிட்ரேட்

65 அங்குலத்தை எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறீர்கள் என்று அளந்து சொல்லுங்கள். மூன்று மீட்டர் என்றால் நல்ல 1080-க்கும் 4கே-க்கும் வரிகளில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே அதிகப் படிகள் காட்டும் எச்டிஆர், டால்பி விஷன் எல்லாம் நெட்ஃபிளிக்ஸில் உயர்ந்த திட்டத்தோடு மட்டுமே வருகின்றன. எச்டிஆர் 10 பிட், அதனால் இருட்டுக் காட்சி பிழைப்பது அங்கேதான். உங்கள் டிவியின் உச்சப் பிரகாசம் 300 நிட்டுக்கு (பிரகாசத்தின் அலகு) கீழே என்றால் எச்டிஆரும் எடுபடாது, நடுத் திட்டம் போதும். தமிழ்ப் படச் செயலிக்கு 4கே கூடுதல் கட்டணம் கேட்டால், ஒரு மாதம் மட்டும் எடுத்து, தெரிந்த ஒரு இரவுக் காட்சியை இரண்டு திட்டத்திலும் ஓட்டிப் பாருங்கள். ரூட்டரின் செயலியில் டிவியின் தரவு எவ்வளவு என்று காட்டும். பத்து நிமிடத்துக்கு 250 எம்பியைத் தாண்டவில்லை என்றால் 4கே என்ற பெயரில் 3 எம்பிபிஎஸ் சொச்சம்தான் வருகிறது, அன்றைக்கே ரத்து செய்யலாம்.